தொட்டியும் கப்பலும்: சமநிலை என்ற சொல் சொல்வதும் மறைப்பதும்

1893இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இர்விங் ஃபிஷர் என்ற இளம் பொருளியலாளர் ஒரு விசித்திரமான கருவியைச் செய்துவைத்தார். தண்ணீர் நிரம்பிய ஒரு தொட்டி. அதில் மிதக்கும் கலங்கள். அவற்றைப் பிணைக்கும் நெம்புகோல்களும் குழாய்களும். ஒவ்வொரு கலத்திலும் உள்ள தண்ணீர், ஒரு நுகர்வோர் ஒரு பண்டத்தை எவ்வளவு வாங்குகிறார் என்பதைக் குறிக்கும். ஓரிடத்தில் தண்ணீரைக் கூட்டினால் மற்றக் கலங்களிலும் மட்டம் ஏறி இறங்கி, சற்று நேரத்தில் அடங்கி நிற்கும். அப்படி அடங்கிய மட்டமே சந்தையின் சமநிலை. சமன்பாடுகளில் பிடிபடாததை மாணவர்கள் கண்ணால் பார்க்கச் செய்த கருவி அது. ஃபிஷரின் முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர் ஜோசய்யா வில்லர்ட் கிப்ஸ். வெப்ப இயக்கவியலில் சமநிலைக்கு இன்றும் வழங்கும் கணித வடிவத்தைத் தந்தவர். கிப்ஸின் பெருங்கட்டுரை 1876 முதல் 1878 வரை கனெக்டிகட் அகாதெமியின் ஆய்விதழில் வெளிவந்தது. 1892இல் ஃபிஷரின் ஆய்வேடு வந்ததும் அதே இதழில்தான். இயற்பியலின் சமநிலை பொருளியலுக்குள் நுழைந்த வாசல்கள் பல. இவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் வாசல் வேறில்லை.

தமிழில் சமநிலை என்றதும் மனத்தில் எழுவது துலாக்கோல். திருக்குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. சான்றோருக்கு அங்கே உவமையாக நிற்பதும் துலாக்கோல்தான். அந்த மரபின் காரணமாகவே சமநிலை என்ற சொல்லோடு நியாயம், அமைதி, மிகையின்மை ஆகிய நற்பொருள்கள் நம் காதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. சந்தை சமநிலையை அடையும் என்று ஒருவர் சொன்னால், நல்லது நடக்கும் என்றே பாதி கேட்கிறோம். சொல்லின் அறிவியல் பொருளில் இந்த வாக்குறுதி எதுவும் இல்லை. இன்னும் சொன்னால், ஒரு நிலையைச் சமநிலை என்று அழைப்பது பாதி வாக்கியம் மட்டுமே. அதை முடிக்க மூன்று விவரங்கள் வேண்டும்: விலகியதைத் திருப்பிக் கொண்டுவரும் விசை எது, திரும்ப எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு விலகும் வரை திரும்பும். விசை, வேகம், வரம்பு என்று சுருக்கமாகச் சொல்லலாம். இயற்கை அறிவியல்கள் இந்த மூன்றையும் நெடுங்காலம் உழைத்து, ஒவ்வொன்றாகக் கற்றன. பொருளியலோ சமநிலையைக் கடன் வாங்கியபோது முடிவுநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த மூன்றையும் பெரும்பாலும் வாசலிலேயே விட்டுவிட்டது. அந்த விடுபாட்டுக்கு எத்தனையோ பேர் விலை கொடுத்தார்கள். அவர்களில் ஃபிஷரும் ஒருவர்.

முதலில் விசையும் வரம்பும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலின் விதியை நிறுவினார்: எடைகள் தாங்குபுள்ளியிலிருந்து உள்ள தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் கோல் சாயாது. இது நிற்கும் நிலையைப் பற்றிய செய்தி. மிதக்கும் பொருட்களைப் பற்றிய தம் நூலில் அவர் இன்னும் ஆழமான கேள்விக்குப் போனார்: தண்ணீரில் மிதக்கும் ஒரு பொருளைச் சாய்த்துவிட்டால் அது நிமிருமா? பள்ளிப் பாடநூல் இந்த வேறுபாட்டை மூன்று கோலிக்குண்டுகளால் விளக்குகிறது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் குண்டு தள்ளினாலும் திரும்பி வரும். அது உறுதிச் சமநிலை. கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் நிறுத்திய குண்டு தொட்டதும் உருண்டு போகும். அது உறுதியற்ற சமநிலை. தரையில் கிடப்பது தள்ளிய இடத்தில் நிற்கும். அது நடுநிலைச் சமநிலை. மூன்றிலும் நிகர விசை சுழிதான். சமநிலை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 1628ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் வாசா என்ற போர்க்கப்பலுக்கு அப்படி ஒரு சோதனை நடந்தது. முப்பது பேர் மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடினார்கள். மூன்று முறை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று கன்னிப் பயணம் புறப்பட்ட வாசா சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றடியில் சாய்ந்தது. கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. துறையில் நின்றபோது அது நன்றாகத்தான் மிதந்தது. சிறு சாய்வுக்கு நிமிரவும் செய்தது. போதாமல் போனது அதன் வரம்பு. மிதக்கும் கலம் நிமிர்வதற்கான நிபந்தனையை 1746இல் பியர் பூகே தம் கப்பலியல் நூலில் கணிதமாக எழுதினார். அதன்பின் கப்பல் கட்டுவோர், மிதக்கிறதா என்பதோடு நில்லாமல், எத்தனை பாகை சாயும் வரை நிமிரும் என்றும் கணக்கிடக் கற்றார்கள்.

வேகம் பற்றிய பாடம் வேதியியலிலிருந்து வந்தது. 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன வேதியியலாளர் பெர்த்தோலே, அங்குள்ள உவர் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல்லும் சாதாரண உப்பும் கிடைக்கும். ஏரிக்கரையில் வினை தலைகீழாக நடந்திருந்தது; உப்பும் சுண்ணாம்புக்கல்லும் அங்கே ஏராளமாக இருந்ததே காரணம். வினைகள் ஒரு வழிப் பாதை என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. 1864இல் தொடங்கி நார்வேயின் குல்ட்பெர்க்கும் வாகேயும் இதற்கு அளவு வடிவம் தந்தார்கள்: எதிரெதிர் வினைகள் இரண்டும் நடந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் வேகங்கள் சமமாகும்போது வெளியே எதுவும் மாறாதது போலத் தெரிகிறது. வேதிச் சமநிலை ஓய்வு நிலை கிடையாது. ஓயாத இருவழிப் போக்குவரத்தின் சம அளவு. 1884இல் லீ சாட்லியே, இந்த நிலையைக் குலைத்தால் குலைவை ஓரளவு எதிர்க்கும் திசையில் அது நகரும் என்றார். இப்போது விசை எதுவென்று தெளிவாகிவிட்டது: மூலக்கூறுகளின் மோதல்களும் அவற்றின் எண்ணிக்கையும்.

இருந்தும் காலம் எவ்வளவு என்ற கேள்விக்குச் சமநிலை பற்றிய எந்த விதியும் பதில் சொல்லவில்லை. அறையின் வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கார்பனின் சமநிலை வடிவம் கிராஃபைட்; வைரம் அன்று. ஆனாலும் வைரத் தோடு பென்சில் கரியாகிவிடும் என்று யாரும் அஞ்சுவதில்லை. அம்மோனியாவின் கதை இதை இன்னும் கூர்மையாகச் சொல்லும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே குளிர்ந்த நிலையில்தான் சமநிலை அம்மோனியாவின் பக்கம் சாயும். குளிர்ந்த நிலையிலோ நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு உடைவதே இல்லை. சமநிலை குளிர்ச்சியைக் கேட்கிறது. வேகம் சூட்டைக் கேட்கிறது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் உயர் அழுத்தத்தையும் வினையூக்கியையும் கொண்டு இந்தச் சிக்கலை ஆய்வகத்தில் அவிழ்த்தார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியஸ், 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி. ஒருமுறை கடந்துபோகும் வாயுவில் சிறு பங்கே அம்மோனியாவாகும். அதைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். உலகின் உரத்தைத் தரும் இந்தத் தொழில், சமநிலையை அடையவிடாமல் தொடர்ந்து குலைத்துக்கொண்டே இருப்பதால்தான் ஓடுகிறது. எங்கே போய்ச் சேரும் என்ற அறிவும், எவ்வளவு காலத்தில் சேரும் என்ற அறிவும் இரண்டு தனித்துறைகள் என்பதை வேதியியல் இப்படிக் கற்றது.

உயிரியல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. நம் உடலின் செல்களுக்குள் பொட்டாசியம் மிகுதி; வெளியே சோடியம் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்க, செல்சவ்வில் உள்ள ஏற்றிகள் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடி இருக்கின்றன. அதற்காக ஆற்றலைச் செலவிடுகின்றன. அவை நின்றால் இருபுறமும் சமமாகும். வேதிப்பொருளில் அதுவே சமநிலை, உயிர்ப்பொருளில் அது சாவு. வால்டர் கேனன் 1926இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டது உடலின் வெப்பத்தையும் சர்க்கரையையும் ஒரு வரம்புக்குள் பிடித்துவைக்கும் ஏற்பாட்டை. அது ஓட்டத்தால் நிற்கும் நிலை. உணவும் மூச்சும் நின்றால் கலையும் நிலை. 1960களில் ஜேம்ஸ் லவ்லாக் இதே வேறுபாட்டைக் கோள்களுக்கு விரித்தார். செவ்வாயின் காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. வேதிச் சமநிலைக்கு மிக அருகில் இருக்கிறது. பூமியின் காற்றிலோ ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருக்கின்றன; ஒன்றையொன்று தின்று தீர்க்க வேண்டிய இரண்டும் தொடர்ந்து இருப்பதற்குக் காரணம், உயிர்கள் அவற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதுதான். உயிர் உண்டா என்று தேடுவோர் சமநிலையின்மையைத் தேட வேண்டும் என்பது அவர் வாதம். அன்றாடப் பேச்சில் இயற்கையின் சமநிலை என்று நாம் புகழ்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இயற்பியலாளரின் சமநிலை அதற்கு நேர் எதிர்.

இவ்வளவு வேறுபாடுகள் உள்ள சொல்லைப் பொருளியல் எப்படி எடுத்துக்கொண்டது? 1776இல் ஆடம் ஸ்மித், சந்தை விலைகள் ஒரு மைய விலையை நோக்கி ஈர்க்கப்படுகின்றன என்று எழுதியபோதே நியூட்டனின் நிழல் அங்கே விழுந்துவிட்டது. அதைக் கணிதமாக்கியவர் லியோன் வால்ரா. 1874இல் வெளிவரத் தொடங்கிய நூலில் அவர் எல்லாச் சந்தைகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாக எழுதினார்: எல்லாப் பண்டங்களுக்கும் தேவையும் அளிப்பும் ஒருசேரச் சமமாகும் விலைகள் உண்டா? அந்த விலைகளைச் சந்தை எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்விக்கு, தடவித் தடவி அறிதல் என்ற படத்தை வரைந்தார்: ஒரு விலை கூவப்படுகிறது, தேவை மிகுந்தால் விலை ஏறுகிறது, அளிப்பு மிகுந்தால் இறங்குகிறது, சரியான விலை கிடைக்கும் வரை யாரும் கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை. 1901இல் அவர் கணிதமேதை ஹென்ரி புவாங்கரேயின் கருத்தைக் கேட்டார். மனிதர்களை எல்லையற்ற சுயநலமிகளாகக் கொள்வதை முதல் தோராயமாக ஏற்கலாம், எல்லையற்ற முன்னறிவு உடையவர்களாகக் கொள்வதில்தான் தயக்கம் வேண்டும் என்ற பொருள்பட அவர் பதில் எழுதினார். ஆல்ஃபிரட் மார்ஷல் இன்னும் எச்சரிக்கையானவர். 1890இல் வெளிவந்த தம் நூலில், தேவையும் அளிப்பும் ஆடும் ஊசலை நிலைத்த காற்றில் தொங்கும் ஊசலாகக் காட்டாமல், ஆலைக்கால்வாயின் கலங்கிய நீரில் ஆடும் ஊசலாக வருணித்தார். பிடித்திருக்கும் கையும் தன் போக்கில் ஆடுமாம். அந்த எச்சரிக்கை பின்வந்தோரின் வரைபடங்களில் ஏறவில்லை.

ஃபிஷரின் ஆய்வேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் இயக்கவியல், மறுபக்கம் பொருளியல். துகளுக்கு எதிரே தனிமனிதன். விசைக்கு எதிரே இறுதிநிலைப் பயன்பாடு. ஆற்றலுக்கு எதிரே பயன்பாடு. பொருத்தம் அழகானது. ஆனால் தொட்டியைக் கவனித்துப் பாருங்கள். அங்கே தண்ணீரைத் தன் மட்டத்துக்குக் கொண்டுவருவது புவியீர்ப்பு. அதை ஃபிஷர் எந்த அனுமானமாகவும் எழுத வேண்டியிருக்கவில்லை. பூமி இலவசமாகத் தந்துவிட்டது. சந்தையில் அந்த வேலையைச் செய்வது யார்? விலைகூவும் கற்பனை மனிதர் எங்கும் இல்லை. பேச்சுவார்த்தை முடியும் வரை யாரும் வாங்காமல் காத்திருப்பதும் இல்லை. தவறான விலையில் நடந்த ஒவ்வொரு விற்பனையும் ஒருவரைச் சற்றுப் பணக்காரராக்கி மற்றவரைச் சற்று ஏழையாக்குகிறது. அதனால் நாளைய தேவையே மாறுகிறது. போய்ச்சேர வேண்டிய இடமே நகர்ந்துவிடுகிறது. கிண்ணத்தில் உருளும் குண்டு, உருளும்போதே கிண்ணத்தின் வடிவத்தை மாற்றுவது போன்ற நிலை இது. இயற்பியலிலிருந்து எடுத்துவந்த கணிதத்தில் இதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் பொருளியல் இதைத் தானே கண்டுகொண்டது என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கிப்ஸின் மாணவர் எட்வின் பிட்வெல் வில்சனிடம் படித்தவர் பால் சாமுவேல்சன். 1947இல் வெளியான தம் நூலில் அவர் லீ சாட்லியேயின் கொள்கையைப் பொருளியலுக்குக் கொண்டுவந்தார். அதோடு, வரி மாறினால் விலை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்வதற்கு முன்னால், குலைந்த சந்தை மீண்டும் நிலைபெறுமா என்று தெரிந்திருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1954இல் கென்னத் ஆரோவும் ஜெரார் டெப்ரூவும் வால்ராவின் கேள்விக்கு ஆம் என்று பதில் தந்தார்கள்: சில நிபந்தனைகளின்கீழ், எல்லாச் சந்தைகளையும் ஒருசேரச் சமன்செய்யும் விலைகள் உண்டு. அது இருப்பைப் பற்றிய நிரூபணம், போய்ச்சேர்வதைப் பற்றியதன்று. பண்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையும்போது விலைகள் திரும்பிவரும் என்று ஆரோவும் உடனுழைத்தோரும் அடுத்த சில ஆண்டுகளில் காட்டினர். பொதுவாக அப்படி நடக்குமா? 1960இல் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் மூன்றே பண்டங்கள் கொண்ட எளிய எடுத்துக்காட்டுகளைக் கட்டினார். அவற்றில் விலைகள் சமநிலையைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர அதை அடைவதே இல்லை. 1972க்கும் 1974க்கும் இடையில் சோனன்ஷைன், மான்டெல், டெப்ரூ ஆகியோரின் முடிவுகள் இன்னும் கசப்பானவை: ஒவ்வொரு தனிமனிதரும் முழு அறிவோடு நடந்தாலும், அவர்கள் எல்லோரின் தேவையைக் கூட்டிப் பார்த்தால் அது ஏறத்தாழ எந்த வடிவத்தையும் எடுக்கலாம். அதாவது, சமநிலை ஒன்றே என்பதற்கும் அது திரும்பிவரும் என்பதற்கும் கோட்பாட்டுக்குள்ளிருந்து பொதுவான உத்தரவாதம் கிடைக்காது.

இதற்கெல்லாம் முன்பே நடைமுறை ஒரு பாடத்தை நடத்திவிட்டிருந்தது. அட்டைக் கோப்பு முறை ஒன்றைக் கண்டுபிடித்துச் செல்வம் சேர்த்த ஃபிஷர், அதைப் பங்குச்சந்தையில் போட்டார். 1929 அக்டோபர் நடுவில், பங்கு விலைகள் நிரந்தரமான உயர்மேட்டை எட்டிவிட்டன என்ற பொருளில் அவர் சொன்னது செய்தியானது. இரண்டு வாரத்துக்குள் சந்தை சரிந்தது. அவர் செல்வம் போனது, கடன் மிஞ்சியது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு எகானமெட்ரிகா இதழின் முதல் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரை, வீழ்ச்சியின் விசையைத் தேடியது. கடன் மிகுந்திருக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அடைக்க முயல்கிறார்கள்; சொத்துகளை அவசரமாக விற்கிறார்கள்; விலைகள் இறங்குகின்றன; விலை இறங்குவதால் டாலரின் மதிப்பு கூடுகிறது; மிச்சமுள்ள கடனின் பாரம் அதனாலேயே ஏறுகிறது. அவர் கணக்கின்படி 1933 மார்ச்சுக்குள் கடன்தொகை சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தது. டாலரின் வாங்கும் சக்தி சுமார் 75 விழுக்காடு கூடியிருந்தது. 80ஐ 1.75ஆல் பெருக்கினால் 140. அடைக்க அடைக்கக் கடன் 40 விழுக்காடு வளர்ந்தது. விலை இறங்கினால் வாங்குவோர் கூடுவார்கள், சந்தை நிமிரும் என்ற வழக்கமான விசை இங்கே திசை மாறிவிட்டது. இதை விளக்க அவர் எடுத்த உவமை, கப்பல்: இயல்பான நேரத்தில் நிமிரும் கப்பல், ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டினால் நிமிரும் இயல்பை இழந்து மேலும் சாயும் இயல்பைப் பெறும். தொட்டியில் தொடங்கியவர் நாற்பது ஆண்டில் கப்பலுக்கு வந்திருந்தார். விசையோடு வரம்பையும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு, கண்முன் உள்ள உண்மையிலிருந்தே வரும்: சந்தைகள் பெரும்பாலும் இயங்கத்தானே செய்கின்றன? தவறில்லை. வெர்னன் ஸ்மித் 1962இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனைகளில், பிறருடைய செலவோ மதிப்போ தெரியாத ஒரு சிறு கூட்டம், விலைகளை உரக்கச் சொல்லிக்கொண்டே சமநிலை விலையை வியப்பூட்டும் விரைவில் நெருங்கியது. களத்திலிருந்தும் சான்று உண்டு. வட கேரளக் கடற்கரையின் மத்தி மீன் சந்தைகளை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். 1997க்கு முன் ஒரே காலையில் ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் கடலில் கொட்டப்படும். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீனின்றி வாங்குவோர் திரும்பிப் போவர். பிடித்ததில் 5 முதல் 8 விழுக்காடு வீணானது. 1997 முதல் 2001 வரை செல்பேசிக் கோபுரங்கள் வந்ததும், படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். வீணாவது நின்றது, கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது, மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, நுகர்வோர் விலை 4 விழுக்காடு குறைந்தது. இவை என் வாதத்தை முறிப்பதற்குப் பதில் அதற்குச் சதை சேர்க்கின்றன. தேவையும் அளிப்பும் செல்பேசிக்கு முன்பும் இருந்தன. ஒரே விலையை உண்டாக்கும் விசை, செய்தி கிடைத்த பிறகே பிறந்தது. அதே வெர்னன் ஸ்மித், உடனுழைத்தோருடன் 1988இல் வேறொரு சோதனையை வெளியிட்டார். உண்டு தீர்க்கும் பண்டத்துக்குப் பதில், மறுபடி விற்கக்கூடிய சொத்தை அதே வகைச் சந்தையில் விட்டபோது, விலைகள் அதன் மதிப்பைத் தாண்டிக் குமிழியாக ஊதிப் பிறகு உடைந்தன. ஏலமுறை மாறவில்லை, விற்கப்பட்ட பொருளின் தன்மை மாறியதும் விசையின் திசையும் மாறியது. மத்தியும் பங்குப் பத்திரமும் ஒரே சொல்லால் சமநிலை பெறுவதில்லை.

இரண்டாவது மறுப்பு முறையியல் சார்ந்தது. கோட்பாட்டின் அனுமானங்கள் உண்மையா என்று பார்க்க வேண்டாம், முன்கணிப்பு பலித்தால் போதும் என்று 1953இல் மில்டன் ஃப்ரீட்மன் வாதிட்டார். அந்த வழியில் சொன்னால், சமநிலை ஒரு கணக்குக் கருவி. போய்ச்சேரும் பாதையைக் கேட்பது அதிகப்படி. வேதியியலாளரும் காலத்தை ஒதுக்கிவைத்துத்தானே சமநிலை மாறிலியைக் கணக்கிடுகிறார் என்றும் கேட்கலாம். ஒதுக்கிவைக்கிறார், ஆனால் ஒதுக்கியது அவருக்குத் தெரியும், அதற்கென்று தனித்துறையும் வைத்திருக்கிறார். வைரம் கிராஃபைட்டாகும் என்று சொல்லும் அதே மூச்சில், உங்கள் காலத்தில் ஆகாது என்றும் சொல்வார். பொருளியலிலோ முன்கணிப்பே பாதையின்மேல் கட்டப்படுகிறது. வரியைக் குறைத்தால் வேலை கூடும், கூலியை இறக்கினால் வேலையின்மை தீரும் என்பவை எல்லாம் பழைய சமநிலையிலிருந்து புதியதற்குப் போய்ச்சேர்ந்த பின் உள்ள நிலையைப் பற்றிய கூற்றுகள். போய்ச்சேருமா என்பது நிச்சயமில்லை என்றால் அந்தக் கூற்று முன்கணிப்பாகவே இராது. சாமுவேல்சன் இதைத்தான் வற்புறுத்தினார்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: மனிதர்கள் மூலக்கூறுகள் இல்லை, நாளையை எண்ணி இன்று நடக்கிறார்கள், ஆகவே சமநிலை என்ற கருத்தையே பொருளியலிலிருந்து தூக்கி எறிய வேண்டும். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1950இல் ஜான் நாஷ் தந்த வரையறையில் எந்த இயற்பியலும் இல்லை: மற்றவர்கள் செய்வதைக் கணக்கில் வைத்துப் பார்க்கையில், தான் மட்டும் மாறுவதால் யாருக்கும் லாபமில்லாத நிலையே சமநிலை. மனிதருக்கே உரிய எதிர்பார்ப்பின்மேல் அது நிற்கிறது. அரசியலிலும் வணிகத்திலும் பலவற்றை விளங்க வைக்கிறது. வங்கியில் பணம் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் நம்புவதும் ஒரு சமநிலை. பத்திரமில்லை என்று எல்லோரும் வரிசையில் நிற்பதும் ஒரு சமநிலை. ஒன்றிலிருந்து மற்றதற்கு எது தள்ளும், எவ்வளவு வதந்தி வரை முதல் நிலை தாங்கும் என்பதே ஆராய வேண்டியது. கருத்தைக் கைவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் மொழியும் போய்விடும்.

இனி, துலாக்கோல் நம் காதில் ஊற்றிவைத்த நற்பொருளுக்கு வரலாம். கைதிகளின் ஆட்டம் என்று பெயர்பெற்ற எடுத்துக்காட்டில், இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதே நாஷ் சமநிலை. இருவருக்கும் அது கேடு. 1936இல் கெய்ன்ஸ், பொருளாதாரம் பெரும் வேலையின்மையோடும் நிலைபெற்று நிற்கலாம் என்று வாதிட்டார். அங்கே அதைக் கிளப்பும் உள்விசை எதுவும் இல்லை. இன்னும் கொடிய சான்று 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்த அந்த ஆண்டில், அரிசி இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு, 1941ஐவிட அதிகம் என்று அமர்த்தியா சென் தம் 1981ஆம் ஆண்டு நூலில் காட்டினார். அவர் புள்ளிவிவரங்களை மறுப்போர் உண்டு. வாதத்தின் மையம் அதையும் தாண்டி நிற்கிறது: விலை ஏறியது, கூலி ஏறவில்லை, வாங்கும் வலு இழந்த விவசாயக் கூலிகளும் மீனவர்களும் சந்தையின் கணக்கிலிருந்தே வெளியேறினார்கள். பணத்தோடு வருவதை மட்டுமே சந்தை தேவை என்று எண்ணும். பசியோடு மட்டும் வந்தவர் தட்டில் வைக்கப்படவே இல்லை என்பதால், தேவையும் அளிப்பும் சமமாகி நின்ற விலையிலேயே பட்டினிச் சாவு நடக்க முடிந்தது. நடுவுநிலைமை என்ற பழைய சொல்லில் எதை எதனோடு வைத்து நிறுக்கிறோம் என்ற அறக்கேள்வி உள்ளடங்கியிருக்கிறது. சமநிலை என்ற புதிய சொல்லில் அது இல்லை. வெளியிலிருந்து நாம்தான் கேட்க வேண்டும்.

ஃபிஷர் தம் 1933 கட்டுரையை உவமையோடு நிறுத்தவில்லை. கவிழும் கப்பல் தானாக நிமிராது. விலைமட்டத்தை, கடன்கள் வாங்கப்பட்டபோது இருந்த சராசரி அளவுக்குத் திட்டமிட்டு உயர்த்தினால் வீழ்ச்சியை நிறுத்த முடியும் என்று எழுதினார். காத்திருந்தாலும் ஒருநாள் மீளலாம்தான். ஏறத்தாழ எல்லோரும் நொடித்துப்போன பிறகு என்பது அவர் கணிப்பு. அந்தக் காலக்கணக்கை முதன்முறையாக விலையோடு சேர்த்து எழுதியதில்தான் அவருடைய பிற்காலச் சமநிலை முற்காலத்ததிலிருந்து வேறுபடுகிறது. யேலில் அவருடைய முதல் தொட்டி பல ஆண்டுகள் பாடம் நடத்தித் தேய்ந்துபோனதும், 1925இல் புதியது ஒன்று செய்யப்பட்டது. சரிவுக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்தப் புதிய தொட்டியிலும் தண்ணீர் எப்படிக் கலக்கினாலும் தன் மட்டத்துக்கே திரும்பி வந்தது. கலங்கள் அசைந்தன, தொட்டி மட்டும் தரையில் ஆடாமல் இருந்தது. தொட்டியே சாயக்கூடும் என்பதற்கு அந்தக் கருவியில் ஒரு நெம்புகோலும் இல்லை.